மூலையில் இருக்கிறது விஷயம்

சைக்கிள் சீட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தில் ஒரு போல்ட் இருக்கிறது. ஸ்பேனர் போடலாம் என்றால் போல்ட்டின் தலை வழவழவென்று உருண்டையாக இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் திருப்பலாம் என்றால் தலையில் கீறல் இல்லை. நடுவில் ஆறு மூலை உள்ள சின்னக் குழி ஒன்றுதான் தெரிகிறது. இந்தக் குழிக்கான சாவிதான் ஆலன் கீ. நம் வானூர்ப் பக்கத்து மெக்கானிக் அண்ணன்களில் பலர் எல்என் கீ என்பார்கள். ஆறு பட்டை உள்ள உருக்குக் கம்பியை ஆங்கில 'எல்' எழுத்துப் போல வளைத்தால் அதுதான் சாவி.

ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு வீட்டில் எங்கே பார்த்தாலும் இந்தக் குழிதான். கதவுக் கைப்பிடியின் அடிப்பக்கம், குளியலறைக் குழாயின் திருகு, கம்ப்யூட்டர் நாற்காலியின் கால், பிரித்து மாட்டும் மேசை, பைக்கின் டிஸ்க் பிரேக் என்று எல்லா இடத்திலும் இருக்கும். வீட்டுக்கு ஒரு செட் வாங்கிப் போடுவது நல்லதுதான். ஆனால் எந்த செட்? கடையில் முப்பது சாவி உள்ள செட், ஒன்பது சாவி உள்ள செட்டைவிட மலிவாகத் தொங்கும். அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசிக்கத் தொடங்கினால் கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல் எல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில், போல்ட்டின் தலைக்குள் எதற்குக் குழி தோண்டினார்கள்? நூறு வருஷத்துக்கு முந்தைய தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையின் கீழே நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓயாமல் சுழலும். அதில் சக்கரங்கள், சக்கரத்திலிருந்து பெல்ட்டுகள், பெல்ட்டின் மறுமுனையில் மெஷின்கள். சக்கரம் தண்டில் வழுக்காமல் இருக்க ஒரு ஸ்க்ரூவால் அழுத்திப் பிடித்திருப்பார்கள். அந்த ஸ்க்ரூவின் சதுரத் தலை வெளியே துருத்திக்கொண்டு தண்டோடு சேர்ந்து சுற்றும். தொழிலாளியின் சட்டைக் கை அதில் மாட்டினால் கையையும் ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். தலையே இல்லாத ஸ்க்ரூ இருந்தால் இந்த ஆபத்து இல்லை. ஆனால் தலை இல்லாததை எப்படித் திருப்புவது? உள்ளே குழி வைத்துத்தான். இந்த யோசனை பழையது. குழியை ஒரே அளவாக, மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்யும் வழிதான் கைவராமல் இருந்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ஆலன் அதற்கு ஒரு வழி கண்டு 1910இல் காப்புரிமை பெற்றார். சாவிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் நோய்ஸ் நகரத்து பவுவர் - ஷௌர்ட்டே கம்பெனி 1936இல் இன்புஸ் என்ற பெயரில் இதே வகையைக் கொண்டுவந்தது. ஆகவே இது சைக்கிளுக்காகப் பிறந்த சாவி இல்லை. கை தப்பப் பிறந்தது.

சரி, ஏன் ஆறு மூலை? மூன்று மூலை வைத்தால் பிடி பலமாக இருக்கும். ஆனால் சாவியை எடுத்து மறுபடி போட 120 பாகை திருப்பியாக வேண்டும். சீட்டுக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்காது. சதுரத்துக்கு 90 பாகை. அறுகோணத்துக்கு 60 போதும். அப்படியானால் பன்னிரண்டு மூலை வைத்தால் இன்னும் வசதிதானே என்று கேட்பீர்கள். மூலைகள் கூடக் கூட வடிவம் வட்டத்தை நெருங்கும். வட்டக் கம்பியை வட்டக் குழியில் போட்டுத் திருப்பினால் என்ன ஆகும்? கம்பி மட்டும் சுற்றும், ஸ்க்ரூ அசையாது. ஆறு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே வசதியாக உட்கார்ந்திருக்கும் எண்.

இதைக் காம்பஸும் அட்டையும் வைத்தே பார்த்துவிடலாம். 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸின் அளவை மாற்றாமல் வட்டத்தின்மேல் அடியடியாகக் குறித்துக்கொண்டே வந்தால் சரியாக ஆறாவது அடியில் தொடங்கிய புள்ளிக்கே வந்துவிடுவீர்கள். புள்ளிகளை இணைத்தால் அறுகோணம். அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அட்டையில் மிஞ்சும் ஓட்டைதான் நம் ஸ்க்ரூவின் குழி. இப்போது வேறொரு அட்டையில் 5.9 செ.மீ. ஆரம், 5.6 செ.மீ. ஆரம், 5.1 செ.மீ. ஆரம் என்று மூன்று வட்டங்கள் போட்டு மூன்று அறுகோணங்களை வெட்டுங்கள். இவை மூன்றும் சாவிகள்.

ஒவ்வொன்றாகக் குழிக்குள் வைத்துத் திருப்பிப் பாருங்கள். 5.9 சாவி ஏறக்குறைய இரண்டு பாகை அசைந்ததும் பிடித்துக்கொள்ளும். 5.6 சாவி எட்டு பாகை வரை லொடலொடவென்று ஆடிவிட்டுத்தான் பிடிக்கும். 5.1 சாவி பிடிக்கவே பிடிக்காது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் என்ன? 6 செ.மீ. ஆரத்தில் வரைந்த அறுகோணத்தில் மூலைக்கு மூலை 12 செ.மீ., பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 10.4 செ.மீ. சாவியின் மூலைக்கு மூலை நீளம் குழியின் பக்கத்துக்குப் பக்கம் நீளத்தைவிடக் குறைந்துவிட்டால் கதை முடிந்தது. 5.1இன் இரட்டிப்பு 10.2, அதாவது 10.4ஐவிடக் குறைவு. அதனால்தான் சுற்றுகிறது.

இந்த அட்டை விளையாட்டை நிஜச் சாவியின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். 5 மி.மீ. சாவி என்றால் பக்கத்துக்குப் பக்கம் 5 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 5.77 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர். ஒரு பக்க மூலைக்குக் கணக்குப் போட்டால் 0.4 மி.மீ.கூட இல்லை. ஆலன் கீயின் பிழைப்பு முழுவதும் அந்தத் துளி உருக்கில்தான் நடக்கிறது. பளபளப்பு, பிளாஸ்டிக் டப்பா, சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

அந்தத் துளி எவ்வளவு பாரம் தாங்குகிறது தெரியுமா? பத்தாம் வகுப்பு அறிவியலில் விசையின் திருப்புத்திறன் என்று ஒரு பாடம் வரும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். சாதாரண 5 மி.மீ. சாவியின் நீளக் கை 80 மி.மீ. குட்டைக் கை 28 மி.மீ. குட்டைக் கையைக் குழியில் போட்டு நீளக் கையின் நுனியில் 10 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். 10ஐ 80ஆல் பெருக்கினால் 800. அந்தத் திருப்பல் முழுவதையும் சாவியின் மையத்திலிருந்து 2.9 மி.மீ. தூரத்தில் இருக்கிற மூலைகள்தான் தாங்க வேண்டும். 800ஐ 2.9ஆல் வகுத்தால் 276 கிலோ. ஆறு மூலைகளும் ஒழுங்காகப் பங்கு போட்டுக்கொண்டால் மூலைக்கு 46 கிலோ, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரைவிடக் கனம். சாவி லொடலொடவென்று இருந்து இரண்டே மூலைகள் மட்டும் குழியைத் தொட்டால்? மூலைக்கு 138 கிலோ. எள்ளளவு இடத்தில் அவ்வளவு பாரம் இறங்கினால் மூலை நசுங்கும், நசுங்கிய மூலை வழுக்கும், வழுக்கும்போது குழியின் மூலையையும் சீவிக்கொண்டு போகும். குழி வட்டமாகிவிட்டால் அந்த ஸ்க்ரூவைக் கழற்ற வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். மலிவு சாவியில் மிச்சம் பிடித்த ஐம்பது ரூபாய் அங்கே இரண்டு மடங்காகப் போய்விடும்.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. சாவியைத் திருப்பிப் பிடித்து நீளக் கையைக் குழியில் விட்டுக் குட்டைக் கையைத் தள்ளினால் அதே 10 கிலோவுக்கு 280தான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். தளர்ந்த ஸ்க்ரூவை வேகமாகச் சுற்றி எடுக்க நீளக் கை உள்ளே இருக்கட்டும். இறுக்கவும், இறுகியதை முதலில் அசைக்கவும் குட்டைக் கை உள்ளே இருக்கட்டும். சிலர் நீளக் கையில் ஒரு பைப்பைச் செருகி இன்னும் நீளமாக்குவார்கள். வேண்டாம். சாவியைச் செய்தவர்கள் கையின் நீளத்தை யோசிக்காமல் வைக்கவில்லை. மனிதக் கை சாதாரணமாகக் கொடுக்கிற விசையில் ஸ்க்ரூ அறுந்துபோகாத அளவுக்குத்தான் அந்த நீளம். சைக்கிளில் உள்ள சின்ன போல்ட்டுகள் பலவற்றுக்கு 5 நியூட்டன் மீட்டர் போதும். நாம் மேலே போட்ட கணக்கே ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர் வந்துவிட்டது.

இனி கடைக்குப் போவோம். திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலோ பாண்டிச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ ஒரு பெண் போய்க் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போகும்.

"அண்ணே, ஆலன் கீ செட் இருக்கா?"

"இருக்குது பாப்பா. இது முப்பது பீஸு, இது ஒம்போது பீஸு. முப்பதே எடுத்துக்கோ, அதான் ரேட்டும் கம்மி."

"அதுல எத்தினி அண்ணே மில்லிமீட்டரு?"

"பாதி எம்எம்மு, பாதி இன்ச்சு. ரெண்டும் இருந்தா நல்லதுதானே?"

"எங்க வூட்ல இன்ச்சு ஸ்க்ரூவே இல்லியே அண்ணே."

அந்தப் பெண் கெட்டிக்காரி. இந்தியாவில் இன்று வாங்கும் சைக்கிள், பைக், நாற்காலி, மேசை எல்லாம் பெரும்பாலும் மில்லிமீட்டர்தான். ஆரோவில் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கிதார், பழைய அமெரிக்க மெஷின் என்று ஏதாவது இருந்தால் அங்குலச் சாவி தேவைப்படலாம். மற்றவர்கள் வீட்டில் அந்தப் பதினைந்தும் டப்பாவிலேயே தூங்கும். தூங்கினால்கூடப் பரவாயில்லை, ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 3/16 அங்குலச் சாவி என்பது 4.76 மி.மீ. அதை 5 மி.மீ. குழியில் போட்டால் உள்ளே போகும், 'பொருந்துகிறதே' என்றுகூடத் தோன்றும். ஆனால் ஐந்தரை பாகை ஆட்டம் இருக்கும். அட்டையில் பார்த்த லொடலொட சாவி இதுதான். இரண்டு வகையும் ஒரே டப்பாவில் கலந்துகிடந்தால் அவசரத்தில் கை தவறானதைத்தான் எடுக்கும்.

ஒன்பது சாவி செட்டில் இருப்பவை 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 மி.மீ. வீட்டுக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை. உண்மையில் அடிக்கடி கையில் எடுப்பது 4, 5, 6 இந்த மூன்றுதான். சைக்கிள் ஹேண்டில்பாரின் நடுவில் மேலிருந்து இறங்கும் போல்ட் பெரும்பாலும் 6. சீட்டு வளையம் பெரும்பாலும் 5. பிரித்து மாட்டும் மேசை, கட்டிலுக்கு 4. கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகில் ஒளிந்திருக்கிற தலையில்லா ஸ்க்ரூவுக்கு 2, 2.5 அல்லது 3. அரசு கொடுக்கிற சைக்கிளோ அப்பாவின் பழைய சைக்கிளோ என்றால் பெரும்பாலும் நட்டுதான் இருக்கும், ஸ்பேனர்தான் வேண்டும். அதனால் வாங்கப் போகுமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கெங்கே அறுகோணக் குழி இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குழிக்குள் நட்சத்திரம் போல வளைந்த ஆறு இதழ் தெரிந்தால் அது வேறு ஜாதி. சைக்கிள் டிஸ்க் பிரேக்கின் தட்டைப் பிடித்திருக்கும் டி25 ஸ்க்ரூக்கள் அப்படித்தான். அதில் ஆலன் கீயைத் திணிக்கக் கூடாது.

கடையில் சாவியை எப்படிச் சோதிப்பது? காந்தம் கொண்டுபோவது வீண். நல்ல உருக்கிலும் ஒட்டும், மட்டமான இரும்பிலும் ஒட்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதே கடையில் 6 மி.மீ. தடிமனுள்ள புது ஆலன் போல்ட் ஒன்று வாங்குங்கள். சில ரூபாய்தான். உருளைத் தலையுள்ள அந்த எம்6 போல்ட்டின் குழி எப்போதும் 5 மி.மீ. செட்டிலிருந்து 5 மி.மீ. சாவியை எடுத்து அதில் செருகுங்கள். தடங்கலில்லாமல் அடிவரை இறங்க வேண்டும். போல்ட்டை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாவியை இடமும் வலமும் அசைத்தால் நுனியில் துளிதான் ஆட வேண்டும். அடுத்து சாவியின் முனையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவாருங்கள். முனை நேராக வெட்டுப்பட்டு, ஆறு மூலைகளும் விரலால் தடவினால் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். வெட்டிய இடத்தில் பிசிறு தொங்கினாலோ, மூலைகள் பிறக்கும்போதே மழுங்கியிருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு சாவியிலும் அளவு பொறித்திருந்தால் நல்லது. கண்ணாடி போடுகிற தாத்தாவுக்கும் அது தெரிய வேண்டுமே!

சின்னச் சாவிகளில் கூடுதல் கவனம் வேண்டும். முறுக்குவதைத் தாங்கும் பலம் தடிமனின் கனத்துக்கு ஏற்ப மாறும். கணக்கில் வரும் கன மூலம், கன எண் என்கிற அந்தக் கனம்தான். 4 மி.மீ. சாவியின் தடிமன் 2 மி.மீ. சாவியைப் போல இரண்டு மடங்கு, பலமோ எட்டு மடங்கு. 4க்கும் 5க்கும் நடுவில் ஒரே ஒரு மி.மீ., பலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால்தான் மட்டமான செட்டில் 1.5, 2 அளவுச் சாவிகள் முதல் வேலையிலேயே முறுக்குக் கம்பியாகிவிடுகின்றன. 8, 10 எல்லாம் எந்தக் கம்பெனியிலும் தாக்குப்பிடிக்கும்.

உருக்கு எது என்பதும் அங்கேதான் முக்கியமாகிறது. நல்ல செட்டின் உறையில் குரோம் வனேடியம் என்றோ எஸ்2 என்றோ போட்டிருக்கும். இரும்போடு கொஞ்சம் கரியும் வேறு சில உலோகங்களும் சேர்த்த உருக்குகள் இவை. இவற்றைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கி எண்ணெயில் சட்டென்று ஆறவைத்தால் மிகக் கடினமாகிவிடும். கடினமானால் போதுமா? வானூர் வட்டத்திலேயே திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் கிடக்கின்றன, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். மரத்தின் இடத்தில் சிலிக்கா படிந்து கல்லானவை. கத்தியால் கீறினால் கீறல் விழாது. ஆனால் வளைக்கவோ முறுக்கவோ முடியாது, அடித்தால் சில்லுச் சில்லாகப் போகும். (அடித்துப் பார்க்க வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா.) ஆறவைத்த உருக்கும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கும். ஆகவே அதை மறுபடி மிதமாகச் சூடாக்கி, கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, உடையாத தன்மையைச் சம்பாதிப்பார்கள். பட்டறையில் இதற்கு டெம்பர் ஏற்றுவது என்று பெயர்.

கடினத்தை அளக்க ராக்வெல் சி என்று ஓர் அளவுகோல் உண்டு. மிக வலுவான ஆலன் போல்ட் 39 முதல் 44 வரை இருக்கும். நல்ல சாவி 50க்கு மேல். எஸ்2 சாவிகள் 58, 60 என்று போகும். சாவி எப்போதும் போல்ட்டைவிடக் கடினமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். மேசை வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இலவசமாக வருகிற சாவி அந்த ஒரு மேசையைப் பூட்டினால் போதும் என்று செய்தது. அதைச் சைக்கிளுக்குப் போட்டால் மூலை போய்விடும். வீட்டில் அப்படி ஒரு இலவசச் சாவியும் ஒரு நல்ல சாவியும் இருந்தால், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரத்தால் இரண்டின் நடுப்பகுதியிலும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஒன்றில் அரம் பதிந்து பொடி உதிரும். மற்றொன்றில் வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரரின் சாவியில் இதைச் செய்தால் திட்டு விழும்.

நம் நாட்டிலேயே நல்ல சாவிகள் வருகின்றன. நாசிக்கின் டபாரியா கம்பெனியின் கருவிகள் பெரும்பாலான ஊர்களில் கிடைக்கும். ஒன்பது சாவி செட் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். தொழிலுக்கே வைத்துக்கொள்கிறவர்கள் ஐரோப்பியக் கம்பெனிகளின் செட்டுக்குப் பல மடங்கு கொடுப்பார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பேனர் செட்டே வாங்கிவிடலாம்.

சாவியின் நீள முனையில் உருண்டைத் தலை உள்ள வகையும் கிடைக்கும். அமெரிக்காவின் பாண்டஸ் கம்பெனி 1964இல் கொண்டுவந்தது. சாவியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் திருப்பலாம், நேராகக் கை போகாத மூலைமுடுக்குக்கு அருமை. ஆனால் உருண்டைக்குக் கீழே கழுத்து ஒல்லியாக இருக்கும். தடிமன் குறைந்தால் பலம் எவ்வளவு விழும் என்று மேலே பார்த்தோம். அதனால் அந்த முனையால் சுற்றலாம், இறுக்கக் கூடாது. மடக்கி வைக்கிற வகை சைக்கிள் பையில் வைக்க நல்லது. வீட்டுக்கு எல் வடிவம்தான்.

இதுவரை சொன்னது மதுரைக்கும் பொருந்தும், சேலத்துக்கும் பொருந்தும். நம் பக்கத்துக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. வடக்கே மரக்காணம் உப்பளங்கள், கிழக்கே கடல், நடுவில் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியின் உவர்நீர்ப் பரப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து, நீர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளாக ஜன்னல் கம்பி, சைக்கிள், சாவி எல்லாவற்றின் மேலும் உட்காருகின்றன. உப்பு மட்டும் இருந்தால் துரு வராது, தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரையும் உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்பதுதான் வேடிக்கை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீதமே போதும். உப்பளத்திலிருந்து நேராக வாங்கிவந்த கல்லுப்பு மூட்டை மழை இல்லாத நாளிலும் கசிகிறதே, அந்த வேலை இதனுடையதுதான்.

ஆகவே உங்கள் சாவியின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒன்று ஏறக்குறைய எப்போதும் இருக்கும். இரும்பின் ஓர் இடம் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. இன்னோர் இடத்தில் காற்றின் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே மின்னோட்டத்தை நடத்திக் கொடுப்பது உப்புநீர். நல்ல தண்ணீரைவிட உப்புநீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், அதனால் துருவும் வேகமாகப் பிடிக்கும். துருப் பிடித்து உதிரும்போது முதலில் போவது மூலை, ஏனென்றால் அங்கேதான் இரண்டு பக்கமும் காற்று படும். நாம் காசு கொடுத்தது எந்தத் துளிக்கோ அதையே உப்பு கேட்கிறது.

கறுப்பாக இருக்கும் சாவிகளின் நிறம் பெயிண்ட் இல்லை. உருக்கின் மேற்பரப்பையே மெல்லிய கறுப்பு ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். அந்தப் படலம் எண்ணெயைப் பிடித்துவைக்கும். எண்ணெய் காய்ந்துவிட்டால் தனியாக நின்று உப்பைத் தடுக்காது. நிக்கல் அல்லது குரோமியம் பூசிய வெள்ளைச் சாவிகள் நம் கடற்கரைக் காற்றைக் கூடுதல் நாள் தாங்கும், ஆனால் முனையில் பூச்சு உரிந்த இடத்தில் துரு உள்ளே புகுந்துவிடும். துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்த சாவி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். கிடைக்கிறது. விலை அதிகம். நல்ல குரோம் வனேடியம் அளவுக்குப் பெரும்பாலும் கடினமும் வராது. எனக்குக் கறுப்புச் சாவியும் தையல் மெஷின் எண்ணெயும்தான் சரி. பழைய பனியன் துணியில் நாலு சொட்டு விட்டு, மாதம் ஒரு தடவை சாவிகளைத் துடைத்து வைத்தால் போதும். வேலை முடிந்ததும் வியர்வைக் கையோடு அப்படியே டப்பாவில் போடாதீர்கள். வியர்வையும் உப்புதான்.

சாவியைவிடச் சில நேரம் குழியைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும். சைக்கிளில் மேல்நோக்கி இருக்கும் போல்ட்டின் குழியில் மண்ணும் உப்பும் துருவும் சேர்ந்து கெட்டியாகிக் கிடக்கும். எம்6 போல்ட்டின் குழி ஆழமே 3 மி.மீ. சொச்சம்தான். அதில் பாதியை அழுக்கு அடைத்துக்கொண்டால் சாவி மேல்விளிம்பை மட்டும் பிடிக்கும். எவ்வளவு நல்ல சாவியானாலும் வழுக்கும். ஊசியாலோ பழைய கோணூசியாலோ குழியின் அடிவரை சுரண்டி, ஊதிச் சுத்தம் செய்துவிட்டு, சாவியை அடியில் 'டக்' என்று தட்டும்வரை இறக்கி, அதன் பிறகு திருப்புங்கள். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தட்டையான காளான் தலை போல்ட்டுகளில் குழி இன்னும் ஆழம் குறைவு, சாவியும் ஓர் அளவு சின்னது. எம்6 காளான் தலைக்கு 5 இல்லை, 4. அவற்றில் இந்தச் சுத்தம் இரட்டிப்பு அவசியம். அசையாத போல்ட்டாக இருந்தால் சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். பிரேக், ஹேண்டில்பார் போல்ட்டுகளை நீங்கள் இறுக்கினாலும் ஓட்டுவதற்கு முன் பெரியவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் சாவியின் மூலை மழுங்கத்தான் செய்யும். அப்போது தூக்கிப் போட வேண்டாம். மழுங்குவது நுனியில் இரண்டு மூன்று மி.மீ. மட்டும்தான். அதற்கு மேலே உள்ள உருக்கு புதுசு மாதிரியே இருக்கும். பட்டறையில் கிரைண்டர் வைத்திருக்கும் அண்ணனிடம் கொடுத்து அந்த நுனியை மட்டும் நேராகத் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். புது மூலைகள் கிடைத்துவிடும். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: கொஞ்சம் தேய்த்ததும் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்க்க வேண்டும். நுனி நீலம் பாரித்துவிட்டால் சூடு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். கம்பெனியில் ஏற்றிய டெம்பர் அந்த இடத்தில் இறங்கிவிடும், மூலை பார்க்கக் கூர்மையாக இருந்தாலும் உருக்கு மென்மையாகியிருக்கும். நீலம் தெரிந்தால் அந்த நீலம் போகும்வரை, இந்தத் தடவை பொறுமையாக, இன்னும் கொஞ்சம் தேய்க்கச் சொல்லுங்கள். 4, 5, 6 சாவிகளுக்கு இந்த மெனக்கெடல் தகும். 1.5, 2 எல்லாம் ஒற்றைச் சாவியாகவே சில ரூபாய்க்குக் கிடைக்கும், புதிதாக வாங்கிவிடலாம்.